வாடிக்கையாளர் நேரில் வர வேண்டும்

"வீட்டு நம்பர்?"

"இல்லிங்க மிஸ்."

"ரோட்டுப் பேரு?"

"ரோட்டுன்னு சொல்ல ஒண்ணும் இல்லிங்க. படிதான் இருக்கு."

"அப்ப தபால் எப்பிடி வரும்?"

"தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிளாக்கரையாவுக்கு ஞாபகம் வந்தா குடுத்து விடுவாரு."

யட்டியாந்தோட்டை பஜாரில், இன்டர்நெட் கம்பெனியின் கிளையில், இந்தப் பேச்சு முழுக்கச் சிங்களத்தில் நடந்துகொண்டிருந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த நதீஷா கேகாலையிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று கிழமைதான் ஆகிறது. கணினியில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவளுக்கு மனசு ஆறாது. இந்தப் பக்கம் நின்ற விஜயகலாவின் விண்ணப்பத்திலோ முகவரிக் கட்டம் முக்கால்வாசி காலி.

'வெள்ளப்பாறை தோட்டம், கீழ்ப்பிரிவு' என்று மட்டும் தட்டினாள் நதீஷா. திரை சிவந்தது.

"நங்கி, இந்த முகவரிக்கு ஸ்டாடிக் ஐபி குடுத்தாச்சே. வீட்டு இணைப்புன்னா ஒரு முகவரிக்கு ஒண்ணுதான்."

"குடுத்தாச்சா? யாருக்கு?"

"தோட்டத்து ஆபீஸ். கேமராவுக்காம்."

ரப்பர் ஸ்டோரில் யார் என்ன செய்கிறார்கள் என்பதைத் தோட்டத்தை நடத்தும் துரை கொழும்பில் இருந்தபடியே பார்ப்பதற்காக மாட்டிய கேமரா அது. அந்தக் கேமரா, துரை, விஜயகலா, அவள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்து ஆட்கள், மற்ற லயத்து ஆட்கள் எல்லோருக்கும் முகவரி ஒன்றுதான். கம்பெனி கணக்கில் எல்லோரும் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள்.

விஜயகலாவுக்கு இன்னும் பதின்மூன்று நாள்தான் இருந்தது.

விஷயம் இதுதான். இணையத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. வீட்டு இணைப்புகளில் அந்த எண் ஓரிடத்தில் நிற்காது. கரன்ட் போய் வந்தால் மாறும், இடி இடித்து ரவுட்டர் அணைந்து எரிந்தால் மாறும். இந்தப் பக்கத்து மழைக்கு ஒரு நாளைக்கு நாலு தரம் மாறும். மாறாத எண் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ஸ்டாடிக் ஐபி.

விஜயகலாவுக்கு அது எதற்கு? அவள் அவுஸ்திரேலியாவில் உள்ள பல் வைத்தியர்களுக்கு வேலை பார்த்தாள். அடிலெய்டில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தால், அவர் எந்த நாள் எத்தனை மணிக்குப் போய் வாயைத் திறக்க வேண்டும் என்று தீர்மானிப்பது வெள்ளப்பாறை தோட்டத்து லயத்தின் கடைசி அறையான காம்பராவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் விஜயகலாதான். கொழும்புக் கம்பெனி ஒன்று அந்த வேலையைக் கொடுத்திருந்தது. அதே கம்பெனி இப்போது கடிதம் அனுப்பியிருந்தது: நோயாளர் விவரங்களின் பாதுகாப்புக்காக, முதலாம் திகதி திங்கட்கிழமையிலிருந்து மாறாத எண் உள்ள இணைப்புகளுக்கு மட்டுமே அனுமதி. முடியாதவர்கள் கொழும்பு அலுவலகத்துக்கு வந்து வேலை செய்யலாம்.

கொழும்பு என்றால் தெமட்டகொடையில் ஆறு பேர் படுக்கும் போர்டிங் அறை. கணவன் கட்டாரில், அவள் தெமட்டகொடையில், மகள் சசி தோட்டத்தில் என்று மூன்று வருடம் ஓட்டியிருக்கிறாள். ஒரு தீபாவளிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது மூன்று வயது சசி உள்ளே ஓடிப் போய், "ஒரு ஆன்ட்டி வந்திருக்காங்க" என்று சொன்னது. அடுத்த மாதமே வீட்டிலிருந்து செய்யும் இந்த வேலையைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். இனிப் போவதாக இல்லை.

"தனி வீடுன்னு தோட்டத்து ஆபீஸ்ல ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றாள் நதீஷா.

வெளியே வரும்போது வாசலில் காவலாளி ஜுனைதீன் நானா கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கிளை திறந்த நாளிலிருந்து அவர்தான் அங்கே காவல்.

"தங்கச்சி, ஸ்டாடிக் ஐபியா? ஒரு விசயம் சொல்றேன் கேளுங்க..."

"அப்புறம் நானா, பஸ் போயிரும்!" என்று ஓடினாள் விஜயகலா. அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான்.

தோட்டத்துக் கிளாக்கரையா பாரபட்சம் பார்க்காதவர். அதுதான் வினையாகப் போனது.

"ஒனக்கு மட்டும் எழுதிக் குடுத்தா, நாளைக்கி மத்தவங்க வந்து ஏன் எங்களுக்கு இல்லன்னு கேப்பாங்க. நான் எல்லாருக்கும் சேத்தே எழுதுறேன்."

"ஐயா, எனக்கு மட்டுந்தான் வேணும்."

"நாளைக்கி மத்தவங்களுக்கும் வேணும்ல?"

கடிதத்தோடு கீழ்ப்பிரிவுக் குடும்பங்களின் முழுப் பட்டியலையும் பின் அடித்துக் கொடுத்தார். நூற்றுப் பன்னிரண்டு குடும்பம், நானூற்று அறுபத்து மூன்று பெயர். வியாழக்கிழமை நதீஷா அதை வாங்கி, ஒரு கட்டத்தையும் காலியாக விடாமல், நானூற்று அறுபத்து மூன்று பெயரையும் கணினியில் ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை காலை கொழும்பிலிருந்த தலைமைக் கணினி விழித்துக்கொண்டது. ஒரே வீட்டில் நானூற்று அறுபத்து மூன்று பேர்! இதில் ஏதோ மோசடி இருக்கிறது என்று அந்த முகவரியில் இருந்த இணைப்பை நிறுத்தி வைத்தது. புது இணைப்பு எதுவும் கொடுக்கக்கூடாது என்றும் பூட்டுப் போட்டது. விஜயகலா இதுவரை வேலை பார்த்து வந்த பழைய ப்ரீபெய்ட் சிம் மட்டும் யார் கண்ணிலும் படாமல் தப்பித்தது.

நின்றுபோன அந்த ஒரே இணைப்பு துரையின் கேமரா.

துரை கொழும்பிலிருந்து கத்தியது கிளாக்கரையாவின் தொலைபேசிக்கு வெளியிலும் கேட்டதாம். கிளாக்கரையா லயத்துப் படிகளில் மூச்சு வாங்க இறங்கி வந்து, "ஏ புள்ள, என்னா செஞ்ச நீ?" என்றார்.

"நீங்க குடுத்த பட்டியலத்தாங்க குடுத்தேன்."

அவர் வந்த படிகளிலேயே திரும்ப ஏறினார். கேமரா உயிர் பெற மூன்று நாள் ஆனது. விஜயகலாவின் அம்மா மருதாயி ரப்பர் பால் வெட்டுகிறவள். அவளுக்கு மட்டும் இதில் குறையொன்றும் இல்லை.

"மூணு நாளும் ஸ்டோர்ல நிம்மதியா ஒக்காந்து பிளேன்டி குடிச்சோம். இன்னொருக்கா எதையாச்சும் எழுதிக் குடேன்" என்றாள்.

"அம்மா, நான் கொழும்புக்குப் போகணும் போலருக்கு."

மருதாயியின் சிரிப்பு நின்றது. மூலையில் விளையாடிக்கொண்டிருந்த சசியைப் பார்த்தாள். பிறகு சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, "இரு, காத்தமுத்து அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாறேன்" என்று கிளம்பினாள்.

காத்தமுத்து கோயில் கமிட்டித் தலைவர். இருபத்திரண்டு வருடமாக அவர்தான் தலைவர். எதிர்த்து நிற்க ஆள் இல்லை, நின்றாலும் மைக் அவரிடம்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் விஜயகலாவின் வாசலுக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கோயில் கரன்ட் பில்.

"இந்தா பாரு. இந்த டிவிசன்லயே வீட்டு நம்பர் உள்ள ஒரே ஆளு யாரு? நம்ம அம்மன்தான்!"

பில்லில் ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது: 'வி. மாரியம்மன், இலக்கம் 1, கீழ்ப்பிரிவு.'

"வி. ன்னா என்ன மாமா?"

"வெள்ளப்பாறை. மீட்டர் பூட்ட வந்தவன் இனிஷியல் இல்லாம எழுத மாட்டேன்னுட்டான். யார் பேர்லன்னு கேட்டான், அம்மன் பேர்லன்னேன். நம்பர் கேட்டான், இங்க மொத மீட்டரு இதுதான்யா, ஒண்ணுன்னு போடுன்னேன்."

கோயில் சுவரும் விஜயகலாவின் காம்பராச் சுவரும் ஒட்டித்தான் இருந்தன. இணைப்பைக் கோயிலில் எடுத்து, ஒரு வயரைச் சுவரைத் தாண்டி இழுத்தால் போதும். காத்தமுத்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை தேர்த் திருவிழாவைக் கட்டாரில் உள்ளவர்கள் பார்க்கிற மாதிரி நேரலையில் காட்ட வேண்டும். அதில் தலைவர் பேச்சு முழுசாக வர வேண்டும்.

"அம்மன் பேர்ல வாங்குறது சரியா மாமா?"

"பொய் சொன்னாத்தான் தப்பு. ஒரு பொய்யும் சொல்லாமலே வாங்கலாம் வா."

திங்கட்கிழமை காலையில் இருவரும் கிளைக்குப் போனார்கள். வாசலில் ஜுனைதீன் நானா காத்தமுத்துவின் கையிலிருந்த பில்லை எட்டிப் பார்த்தார்.

"காத்தமுத்து அண்ணன், நீங்க அந்த ஃபாரம்..."

"நானா, இது கோயில் விசயம். ஒங்களுக்கு வெளங்காது" என்று தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார் தலைவர்.

வீட்டு இலக்கம் உள்ள பில்லைக் கண்டதும் நதீஷாவின் முகம் மலர்ந்தது. மளமளவென்று தட்டினாள்.

"மிஸ்டரா, மிஸிஸா, மிஸ்ஸா?"

காத்தமுத்து கொஞ்சம் யோசித்தார். சாத்திரம் பல விதமாகச் சொல்கிறது. ஆனால் கீழ்ப்பிரிவுக் கோயிலில் பக்கத்தில் யாரும் இல்லை.

"தனியாத்தான் இருக்காங்க."

'செல்வி' என்று விழுந்தது.

"தொழில்?"

"எங்க எல்லாரையும் காப்பாத்துறது."

'பாதுகாப்புச் சேவை' என்று தட்டினாள் நதீஷா. வாசலில் நின்ற ஜுனைதீன் நானா தலையில் கை வைத்துக்கொண்டார். அடையாள அட்டை இலக்கம் கேட்ட கட்டத்தில் காத்தமுத்து மின் கணக்கு இலக்கத்தை எழுதினார். கட்டம் நிறைந்துவிட்டதால் நதீஷா ஒன்றும் கேட்கவில்லை. தொடர்புக்கு விஜயகலாவின் கைபேசி எண்.

"கொழும்புல இருந்து ஒரு போன் வரும். விவரம் சரி பாப்பாங்க. அவ்வளவுதான்."

போன் புதன்கிழமை வந்தது. நல்ல தமிழில், மிக மரியாதையான ஓர் ஆண் குரல்.

"வணக்கம். செல்வி மாரியம்மனோட கதைக்கலாமா?"

விஜயகலா சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. பொய் சொல்லக்கூடாது என்று ஏற்கனவே முடிவு செய்திருந்தாள்.

"அவங்க போன்ல கதைக்க மாட்டாங்க சேர்."

"ஏன், சுகமில்லையா?"

"சுகமாத்தான் இருக்காங்க. யார்கிட்டயும் பேசுறதில்ல."

"ஓ. வெளியில போய் வருவாங்களா?"

"வருசத்துக்கு ஒருக்கா."

"நடப்பாங்களா?"

"...இல்லிங்க."

குரல் இரக்கத்தோடு தாழ்ந்தது. "அவங்களை யார் பாத்துக்கொள்றது?"

"நாங்க எல்லாரும் சேந்துதான். பூசாரி ஒருத்தர் தெனம் காலையில குளிப்பாட்டி, சேல கட்டி விடுவாரு."

பக்கத்தில் நின்ற காத்தமுத்து, இவளை விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் தலைவர் பேசுறேன். கேளுங்க."

"ஐயா, வாடிக்கையாளர் பிறந்த திகதி?"

காத்தமுத்துவுக்குக் கோயில் சரித்திரம் மனப்பாடம். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு, சித்திரை மாசம்" என்று கும்பாபிஷேகத் திகதியைக் கணீரென்று சொன்னார்.

"தொண்ணூத்து நாலு வயசு?"

"ஆமா. ஒரு நரை கெடையாது!"

"ஐயா, கோவிக்கக் கூடாது. தொண்ணூத்து நாலு வயசு அம்மாவுக்கு ஸ்டாடிக் ஐபி என்னத்துக்கு? எங்களிட்ட முதியோர் பாதுகாப்பு நடைமுறை ஒண்டு இருக்கு. வயசான ஆக்கள்ட பேரைப் பாவிச்சு மத்த ஆக்கள் இணைப்பு எடுக்கிறது கூடிப் போச்சு. வாடிக்கையாளர் நேரில கிளைக்கு வர வேணும். அவங்கட சொந்த விருப்பத்திலதான் எடுக்கிறாங்களா எண்டு மெனேஜர் கேட்டு எழுத வேணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு முன்னம் வராட்டி விண்ணப்பம் ரத்து."

"அவங்க எப்பிடிங்க வருவாங்க?" என்று அழாக்குறையாகக் கேட்டாள் விஜயகலா.

"நடக்க ஏலாட்டி, ஆக்கள் தூக்கிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை."

போன் வைக்கப்பட்டது. விஜயகலா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முடிந்தது. தெமட்டகொடையில் எந்தக் கட்டில் காலியாக இருக்கும் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. சசிக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

காத்தமுத்து மட்டும் நிமிர்ந்து நின்றார். அவர் முகத்தில், திருவிழா மைக்கைக் கையில் வாங்கும்போது வரும் ஒளி வந்திருந்தது.

"வெள்ளிக்கிழம என்னா நாளு?"

"தேரு."

"தூக்கிக்கிட்டு வரலாம்னாரா இல்லியா? தூக்கணும்னுகூட இல்ல. நாங்க இழுத்துக்கிட்டே வந்துருவோம்!"

வெள்ளப்பாறைத் தேர் எந்த வருடமும் தோட்டத்தைத் தாண்டியதில்லை. கோயில், ஸ்டோர், துரை பங்களா வாசல், திரும்பக் கோயில். இதுதான் வழி. காத்தமுத்து வியாழக்கிழமை பொலிசுக்குப் போய், வழியை பஜார் வரைக்கும் நீட்டித் தரும்படி மனு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், 'அம்மனுக்கு டவுனில் ஒரு முக்கிய வேலை இருப்பதால்' என்று எழுதினார். பொலிஸ் பெரியவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாராம்.

அன்று மாலை விஜயகலாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. "அம்மா, என் ஒருத்திக்காக அம்மன அம்புட்டுத் தூரம் இழுக்கிறது பாவமில்லியா?"

மருதாயி பால் வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஒனக்காகன்னு ஏன் நெனைக்கிற? தொண்ணூத்தி நாலு வருசமா நம்மள மாதிரியே இந்தத் தோட்டத்துக்குள்ளயே கெடக்குறா. ஒருக்கா பஜாரப் பாத்துட்டு வரட்டுமே."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தேர் கிளம்பியது. நாலு கிலோமீட்டர்தானே, இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது விஜயகலாவின் கணக்கு. அம்மன் முதன்முதலாகத் தங்கள் வாசல் பக்கம் வருகிறாள் என்று கேள்விப்பட்டு வழி நெடுக எல்லா லயத்து ஆட்களும் தட்டோடு நின்றார்கள் என்பது அவள் கணக்கில் இல்லை. அறுபத்தெட்டு அர்ச்சனை. ஒவ்வொன்றுக்கும் தேர் நின்றது. இரண்டு மணிக்கு அவர்கள் தோட்டத்து கேட்டைக்கூடத் தாண்டவில்லை.

பால்குடம் தலையில், விண்ணப்பக் கோப்பு பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில். விஜயகலா கையில் கட்டியிருந்த மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ரப்பர் மரத்துக்கு மழைக்காலத்தில் கட்டும் பிளாஸ்டிக் தாளை நான்கைந்து பேர் ஓடிப் போய்க் கொண்டுவந்து அம்மனுக்குக் கூடாரம் கட்டினார்கள். நாலு மணிக்குப் பாலத்தில் ஒரு லொறி எதிரே வந்து நின்றது. லொறிக்காரர் இறங்கிக் கும்பிட்டார், விபூதி வாங்கினார், தன் பிள்ளைக்கும் ஒரு பொட்டலம் கேட்டார், பிறகுதான் பின்னால் எடுத்தார்.

"மாமா, மணி நாலு இருவது!"

"இழுங்கப்பா! அம்மனுக்கு அப்பாய்ன்மென்ட் இருக்கு!" என்று மைக்கில் கத்தினார் காத்தமுத்து. கட்டாரில் முன்னூறு பேர் அதை ஒரு கைபேசி வழியாக நேரலையில் கேட்டார்கள்.

நாலு நாற்பதுக்குத் தேர் பஜாருக்குள் நுழைந்தது. கிளை கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் முப்பது அடி இருக்கும்போது, தேரின் கலசம் போய் ரோட்டுக்குக் குறுக்கே தாழத் தொங்கிய தடித்த கறுப்பு வயரில் முட்டி நின்றது. இழுத்தால் வயர் அறும். பின்னால் போகவோ பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

அது என்ன வயர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த டவுனுக்கே இன்டர்நெட் வரும் வயர். அது அறுந்தால் கிளையின் கணினியும் போகும்.

தேருக்கு முன்னால் தப்பு மேளம் அடித்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் இன்னும் வேகமாக அடித்தார்கள். கிளை வாசலிலிருந்து ஜுனைதீன் நானா ஓடி வந்து விஜயகலாவின் காதருகே ஏதோ கத்தினார்.

"என்னா நானா? கேக்கல!"

அவர் மறுபடியும் கத்தினார். தப்புச் சத்தத்தில் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. கையை உதறிவிட்டு, நேரே கிளைக்குள் மெனேஜரின் அறையைப் பார்த்து ஓடினார்.

ஒரு நிமிடத்தில் மெனேஜர் ரத்நாயக்க வெளியே வந்தார். பெரிய உடம்பு, நரைத்த மீசை, கையில் ஏதோ ஒரு பச்சைத் தாள். "வயர்! வயர்! பரிஸ்ஸமின்!" என்று, கவனம் என்பதைச் சிங்களத்தில் கூவிக்கொண்டே வந்தவர் தேரடியில் நின்றார். பின்னாலேயே நதீஷா ஓடி வந்தாள்.

"மாத்தயா, இவங்கதான் அந்தக் கேஸ். தொண்ணூத்தி நாலு வயசு அம்மா. கொழும்புல சந்தேகப்படுறாங்க. நேர்ல வந்தாத்தான்..."

விஜயகலா பால்குடத்தோடு முன்னே போய், இடுப்பிலிருந்து கோப்பை உருவி நீட்டினாள். தப்பு நின்றது. மெனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நதீஷா நீட்டிய கொழும்புக் குறிப்பையும் சேர்த்துச் சத்தமாக வாசித்தார்.

"செல்வி வி. மாரியம்மன். வயது தொண்ணூற்று நான்கு. பாதுகாப்புச் சேவை. நடமாட முடியாதவர். யாரோடும் பேசுவதில்லை..."

மெல்லத் தலையை உயர்த்தினார். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள், மஞ்சள் பட்டுடுத்தி, வேப்பிலை மாலையோடு அம்மன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி," என்றார் தமிழில். "இவங்களா கஸ்டமர்?"

"ஆமாங்க சேர்." விஜயகலாவின் கண் நிறைந்துவிட்டது. "நாங்க ஒரு பொய்யும் சொல்லல சேர்."

மெனேஜர் கையிலிருந்த பச்சைத் தாளைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"எனக்கு ஏழு வயசில அம்மை போட்டிச்சு. எங்க அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஒங்க தோட்டத்துக் கோயிலுக்கு வந்தா. வேப்பிலை குடுத்தாங்க, மஞ்சள் தண்ணி குடுத்தாங்க. நல்லா ஞாபகம் இரிக்கி."

நதீஷா விடுவதாக இல்லை. அவளுக்குக் கட்டம் நிறைய வேண்டும். "மாத்தயா, சொந்த விருப்பத்திலதான் வந்தாங்களான்னு நீங்க தனியா கேக்கணும். விதி இருக்கு."

"கேக்கிறேன்."

சப்பாத்தில்லாத காலோடு சேற்றில் நடந்து தேரின் முன்னால் போய், இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடி நின்றார். பஜாரே அமைதியாக இருந்தது. பஸ் ட்ரைவர்கள்கூட ஹோர்ன் அடிக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து திரும்பி வந்தார்.

"கேட்டேன். யாரும் கட்டாயப்படுத்தல்ல. அவங்களாத்தான் வந்தாங்க."

தேரின் விளிம்பில் கோப்பை வைத்து, பேனாவால் எழுதினார்: 'வாடிக்கையாளர் நேரில் வந்தார். சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரிந்தவர்.' கீழே கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையிலிருந்த முத்திரையை எடுத்துக் குத்தினார்.

நதீஷா உள்ளே ஓடினாள். நாலு ஐம்பத்தெட்டுக்கு, அந்த மாறாத எண் அச்சான ஒரு துண்டுத் தாளோடு திரும்பி வந்தாள். காத்தமுத்து அதை வாங்கி மைக்கில் வாசித்தார்.

"இருநூத்தி மூணு! பூச்சியம்! நூத்திப் பதிமூணு! எழுவத்தொண்ணு!"

"ஓம் சக்தி!" என்று நானூறு பேர் குரல் கொடுத்தார்கள். எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. பஜாரில் அன்று எழுபத்தொன்றில் முடியும் லொத்தர் சீட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பால் வெட்டும் ஆண்கள் இரண்டு பேர் கவை மூங்கிலால் வயரை உயர்த்திப் பிடிக்க, தேர் அதன் கீழே தலை நிமிர்ந்து போனது. மருதாயி மகளின் தலையிலிருந்த பால்குடத்தை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். விஜயகலா ரோட்டென்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

முதலாம் திகதி திங்கட்கிழமை, விடிந்ததும் விஜயகலா லேப்டாப்பைத் திறந்தாள். பச்சைக் குறி விழுந்தது. முதல் ஆளாக அடிலெய்டில் ஒருவருக்கு வியாழன் பத்தரை மணிக்குப் பல் பிடுங்க நேரம் ஒதுக்கினாள். அப்போது வாசலில் யாரோ சத்தமாகக் கூப்பிட்டார்கள். சசி ஓடிப் போய், "சத்தம் போடாதீங்க, எங்கம்மா உள்ள வேல செய்யிறாங்க" என்றது. விஜயகலாவுக்குக் கொஞ்ச நேரம் திரையில் எழுத்தே தெரியவில்லை.

வேலை முடிந்ததும் ஒரு வாளி சர்க்கரைப் பொங்கலோடு கிளைக்குப் போனாள். இன்று பக்கத்தில் தலைவர் இல்லை, பஸ்ஸுக்கு அவசரம் இல்லை, தப்பும் இல்லை. வாசலிலேயே நின்று முதல் இலையை ஜுனைதீன் நானாவுக்கு வைத்தாள்.

"நானா, மூணு தரம் எதையோ சொல்ல வந்தீங்க. நான்தான் கேக்கல. இப்ப சொல்லுங்க."

நானா பொங்கலில் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்று விழுங்கினார். பிறகு கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, மேசை மேல் அடுக்கி வைத்திருந்த பச்சைத் தாள்களைக் கைகாட்டினார்.

"கோயில், பள்ளிவாசல், புத்தர் பன்சலைக்கெல்லாம் அந்தப் பச்ச ஃபாரம் தங்கச்சி, தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டா பத்து நிமிசத்துல ஸ்டாடிக் ஐபி குடுப்பாங்க, இந்தக் கிளையில ஏற்கனவே பதினாலு மாரியம்மன் கஸ்டமரா இருக்காங்க, ஆனா நேர்ல வந்தது ஒங்க அம்மன் ஒருத்தங்கதான்."